வெண்புள்ளிக்கு ஏன் குஷ்டம் என்ற பெயர்? வாசகர் கேள்விகள், தோல் மருத்துவர் பதில்கள்

தோல் நோய்களின் பெயர்களில் எது குழப்புகிறது என்று கேட்டிருந்தோம். நிறைய பேர் 'வெண்குஷ்டம்' என்ற ஒரே சொல்லைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகளுக்கு வயது 19. ஆறு மாதமாக விரல் முட்டிகளிலும் கண்ணோரத்திலும் வெள்ளைத் திட்டுகள். மருத்துவர் சீட்டில் 'விட்டிலிகோ' என்று எழுதினார், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் பார்த்த உடனே "இது வெண்குஷ்டம் ஆச்சே" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறாள். இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

முதலில் அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்து வையுங்கள். உங்கள் மகளுக்கு இருப்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டவே ஒட்டாது. தொட்டாலும், ஒரே துண்டில் துடைத்துக்கொண்டாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும் வராது, ஏனென்றால் பரவுவதற்கு அதில் கிருமி என்று ஒன்றே இல்லை.

இப்போது பெயருக்கு வருகிறேன். உங்கள் உறவினர் சொன்னதும் மருத்துவர் எழுதியதும் ஒரே பிரச்சினையைத்தான். ஆனால் மருத்துவர் சொன்னது அதன் பெயர், உறவினர் சொன்னது வேறொரு நோயின் பெயரை இதன் மேல் ஏற்றிய பெயர். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். நோய்க் கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் சிலருக்கு இந்த மெலனோசைட்டுகளையே எதிரி என்று நினைத்து அழிக்கத் தொடங்கிவிடுகின்றன, அழிந்த இடம் பால் போல வெளுக்கிறது, அவ்வளவுதான் விட்டிலிகோ. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய 0.5 முதல் 2 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கறுப்பானவர், சிவப்பானவர், ஆண், பெண் என்ற வித்தியாசமில்லாமல் வருகிறது. வெளுத்த தோல் உள்ளவர்களுக்குக் கண்ணில் படாமல் போகிறது, நம்மைப் போன்றவர்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

சரி, குஷ்டம் எங்கிருந்து வந்தது? சமஸ்கிருதத்தில் 'குஷ்ட' என்பது ஒரு தனி நோயின் பெயராக இருக்கவில்லை. ஆயுர்வேதம் 7 பெரியவை, 11 சிறியவை என்று 18 வகைக் குஷ்டங்களைச் சொல்கிறது. நாம் இன்று படை, செதில், சொறி என்று சொல்லும் பலவும் அதற்குள் வரும். அந்த மருத்துவத்தில் வெள்ளைத் திட்டுக்கு 'சுவித்திரம்', 'கிலாசம்' என்று தனிப் பெயர்களே இருந்தன, அது தோலோடு நின்றுவிடும், அதில் கசிவு இருக்காது என்று மற்ற குஷ்டங்களிலிருந்து பிரித்தும் வைத்திருந்தார்கள். பிறகு பேச்சு வழக்கில் குஷ்டம் என்றாலே தொழுநோய் என்று பொருள் சுருங்கியது. பொருள் சுருங்கியபோது வெண்குஷ்டம் என்ற கூட்டுச்சொல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஒரு காலத்தில் 'வெள்ளையான தோல் நோய்' என்று மட்டும் கேட்ட சொல், இன்று கேட்பவர் காதில் 'வெள்ளைத் தொழுநோய்' என்று விழுகிறது. உங்கள் மகளின் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் நடந்ததல்ல. கிரேக்கத்தில் 'லெப்ரா' என்றால் செதில் செதிலான தோல். எபிரேய வேதத்தில் பலவிதத் தோல் மாற்றங்களுக்கும், துணியிலும் சுவரிலும் படியும் பூஞ்சைக்கும்கூட ஒரே சொல்லாக இருந்ததை 'லெப்ரா' என்று மொழிபெயர்த்தார்கள். அது பிற்பாடு தொழுநோய்க்கே பெயராகி, தமிழ் பைபிளில் குஷ்டரோகம் ஆனது. ஒரு சொல் ஊர் ஊராகப் போகும்போது அதன் மேல் ஏறும் பயமும் கூடவே போகிறது.

தொழுநோய் முற்றிலும் வேறு. அது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற பாக்டீரியாவால் வருவது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். தோலையும் நரம்பையும் தாக்கும். அதன் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும், பால் வெள்ளையாக இருக்காது, அந்த இடத்தில் உணர்ச்சி மங்கிப்போகும், வியர்வையும் முடியும் குறையும். உங்கள் மகள் கண்ணை மூடிக்கொள்ளட்டும், பஞ்சு நுனியால் திட்டின் மேல் தொடுங்கள். தொட்ட இடத்தை அவள் சரியாகக் காட்டுவாள். வெண்புள்ளியில் நிறம்தான் போகிறது, உணர்ச்சி போவதில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதி நியாயம்தான் செய்தவன் ஆவேன். "எங்களுக்குக் குஷ்டம் இல்லை" என்று சொல்லும் அவசரத்தில் தொழுநோய் வந்தவர்களைத் தள்ளி நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபாசிமின் என்ற மூன்று மருந்துகளை வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும் நோய், மருந்து தொடங்கிய சீக்கிரத்திலேயே அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடும். வெண்குஷ்டம் என்ற சொல்லை விடச் சொல்வது அது தவறான தகவல் என்பதால்தான். தொழுநோய் கேவலமானது என்பதற்காக இல்லை.

தமிழ்நாடு அரசே வெண்குஷ்டம் என்பதற்குப் பதிலாக வெண்புள்ளிகள் என்று குறிப்பிட வேண்டும் என ஆணை பிறப்பித்திருக்கிறது. உறவினரிடம் அதைச் சொல்லுங்கள். பெரியவர் என்று சும்மா இருந்துவிட வேண்டாம், மகள் பக்கத்தில் இருக்கும்போதே, அவள் காது கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு மருத்துவர் 'லூக்கோடெர்மா' என்கிறார், இன்னொருவர் 'விட்டிலிகோ' என்கிறார். நோய் மாறிவிட்டதா?

மாறவில்லை. லூக்கோடெர்மா என்பது கிரேக்கச் சொற்கள் இரண்டின் சேர்க்கை: லூக்கோஸ் என்றால் வெள்ளை, டெர்மா என்றால் தோல். அதாவது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. தீக்காயம் ஆறிய இடம் வெளுத்தாலும் அது லூக்கோடெர்மாதான். சில ரசாயனங்கள் பட்டு வெளுத்தாலும் அப்படித்தான். ரப்பர், பசை போன்றவற்றில் சேரும் சில ஃபீனால் வகைப் பொருட்கள் மெலனோசைட்டைக் கொல்லும். 2013-ல் ஜப்பானில் ரோடோடெனால் என்ற பொருள் சேர்ந்த முகம் வெளுக்கும் க்ரீம்களைப் பூசியவர்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளைத் திட்டுகளோடு வந்தபோது அந்த க்ரீம்களையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். விட்டிலிகோ என்றால் உடலின் எதிர்ப்பு சக்தியே நிறமி செல்களை அழிப்பதால் வரும் குறிப்பிட்ட நோய். எல்லா விட்டிலிகோவும் லூக்கோடெர்மா, எல்லா லூக்கோடெர்மாவும் விட்டிலிகோ இல்லை. ஆனாலும் நம் மருத்துவர்கள் பலர் பழக்கத்தில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள், அதனால் சீட்டில் லூக்கோடெர்மா என்று பார்த்தால் "காரணம் என்ன டாக்டர், விட்டிலிகோவா, வேறா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீங்கள் செய்யும் வேலையில் ரசாயனம் கையாள்வது உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள், சிகிச்சையே மாறும்.

கேள்வி: 'வெண்புள்ளி' என்று மாற்றியதில் எனக்கு ஒரு சந்தேகம். முதுகில் தேமல் வந்தாலும் வெள்ளைப் புள்ளிதானே? இந்தப் பெயர் புதுக் குழப்பத்தை உண்டாக்காதா?

நியாயமான சந்தேகம். வெண்புள்ளி என்ற சொல்லும் தோற்றத்தைத்தான் சொல்கிறது, புள்ளி என்று சொல்லிவிட்டு உள்ளங்கை அகலத் திட்டைக் காட்டுவதும் பொருந்தவில்லைதான். இருந்தாலும் பயத்தைச் சுமக்காத ஒரு சொல் பழக்கத்துக்கு வந்துவிட்டது, அதைக் குறை சொல்லிக் கலைக்க எனக்கு மனமில்லை. குழப்பம் வராமலிருக்க வித்தியாசம் தெரிந்திருந்தால் போதும்.

பெரும்பாலும் நாம் தேமல் என்பது மலசீசியா என்ற பூஞ்சையால் வருவது. எல்லோர் தோலிலும் சாதாரணமாக இருக்கும் பூஞ்சைதான், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேரும்போது பெருகுகிறது. மார்பு, முதுகு, கழுத்து, தோள் என்று வரும், வெளிறிய பழுப்பாகவோ மங்கிய வெள்ளையாகவோ இருக்கும், நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரி பொடி உதிரும். வெண்புள்ளியில் எதுவும் உதிராது, தோல் வழவழப்பாக இருக்கும், நிறம் மட்டும்தான் இருக்காது, ஓரம் தெளிவாகத் தெரியும், சில நேரம் அந்த இடத்து முடியும் நரைத்திருக்கும். தேமலுக்கு மருந்து போட்டுப் பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்பச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகும். அதற்குள் "மருந்து பிடிக்கவில்லை, இது வெண்குஷ்டமாகத்தான் இருக்கும்" என்று முடிவு கட்டி அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளின் கன்னத்தில் வரும் மங்கலான, ஓரம் தெளிவில்லாத வறண்ட திட்டு இன்னொன்று, பிட்ரியாசிஸ் ஆல்பா என்று பெயர், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சந்தேகமாக இருந்தால் மருத்துவர் இருட்டறையில் உட்ஸ் விளக்கு என்ற ஊதா ஒளியில் பார்ப்பார். வெண்புள்ளி அதில் நீலம் கலந்த பளீர் வெள்ளையாக மின்னும்.

தேமல் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. இளம்பெண்ணின் மேனியில் தோன்றும் பொன்னிறப் புள்ளிகளைச் சுணங்கு என்று பெயரிட்டு வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுப் பாடியவர்கள் சங்கப் புலவர்கள். அந்தச் சுணங்குக்கு உரைகாரர்கள் தந்த பொருள் தேமல். தோலில் நிறம் மாறினால் அதை அழகாகப் பார்க்கவும் இந்த மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: என் சீட்டில் 'நான் செக்மென்டல், அன்ஸ்டேபிள், கோப்னர் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. கேட்டால் புரியாது என்றார்கள். எனக்குப் புரிய வேண்டும்.

புரியாது என்று யாரும் சொல்லியிருக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செக்மென்டல் என்றால் உடலின் ஒரு பக்கத்தில், ஒரு பகுதியில் மட்டும் வருவது. பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்கும், சில மாதங்கள் வேகமாகப் பரவும், பிறகு நின்றுவிடும். உங்களுக்கு இருப்பது அதல்ல. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, விரல், முழங்கை, முழங்கால், கண், வாய் ஓரங்களில் வருவது நான் செக்மென்டல். அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். இது எப்போது கூடும், எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தைராய்டு கோளாறும் இந்த வகையோடு சேர்ந்து வருவதுண்டு, அதனால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அன்ஸ்டேபிள் என்றால் இன்னும் பரவுகிறது. உங்கள் உடல்நிலை மோசம் என்று பொருளில்லை. குறைந்தது ஓராண்டாவது புதுத் திட்டு வராமலும் பழையது பெரிதாகாமலும் இருந்தால் ஸ்டேபிள் என்பார்கள். நிறமி செல்களை எடுத்து வெள்ளை இடத்தில் வைக்கும் அறுவை சிகிச்சையை ஸ்டேபிள் ஆன பிறகுதான் செய்வார்கள், பரவும் நேரத்தில் செய்தால் வைத்த செல்களும் அழிந்துபோகும்.

மூன்றாவதான 'கோப்னர் பாசிட்டிவ்'தான் நீங்கள் கட்டுப்படுத்தக் கூடியது, அதனால் கவனமாகக் கேளுங்கள். ஹைன்ரிக் கோப்னர் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தோல் மருத்துவர். காயம் பட்ட இடத்தில் அதே தோல் நோய் புதிதாக முளைப்பதை சொரியாசிஸில் கவனித்து எழுதினார், அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. வெண்புள்ளியிலும் அப்படித்தான். சிராய்ப்பு, தீக்காயம், இறுக்கமான இடுப்புக் கயிறு, செருப்பு வார் உரசுவது, குளிக்கும்போது நாரால் அழுத்தித் தேய்ப்பது, இந்த இடங்களில் எல்லாம் புதுத் திட்டு வரலாம். அழுக்கு போனால் வெள்ளையும் போகும் என்று நினைத்து தேய்க்கத் தேய்க்க அது பரவும். தேய்க்காதீர்கள், மென்மையாகக் கழுவுங்கள், உரசும் உடையைத் தளர்த்துங்கள்.

கேள்வி: பாலும் மீனும் சேர்த்துச் சாப்பிட்டதால்தான் வந்தது என்கிறார்கள். புளிப்பு, வெள்ளை உணவு எல்லாம் நிறுத்திவிட்டேன்.

திரும்பச் சாப்பிடுங்கள். சாப்பாட்டின் நிறத்துக்கும் தோலின் நிறத்துக்கும் தொடர்பில்லை, எந்த உணவுச் சேர்க்கையும் வெண்புள்ளியை உண்டாக்குவதில்லை.

கேள்வி: எனக்கு வெண்புள்ளி. திருமணப் பேச்சில் 'பரம்பரை நோய்' என்ற வார்த்தை வருகிறது. அப்படிச் சொல்வது சரியா? பிள்ளைக்கும் வருமா?

'பரம்பரை நோய்' என்றால் கேட்பவர் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு நிச்சயம் என்று எடுத்துக்கொள்கிறார். அந்தப் பொருளில் இது பரம்பரை நோய் இல்லை. பல மரபணுக்கள் சேர்ந்து ஒருவித நாட்டத்தைத் தருகின்றன, நோயைத் தருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரட்டையர்களில்கூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு இருப்பது 23 சதவீதம்தான் என்று ஓர் ஆய்வில் தெரியவந்தது. வெண்புள்ளி உள்ள பெரும்பாலானவர்களின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது கிடையாது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், வராமல் போவதற்கான வாய்ப்புதான் அதைவிட மிக அதிகம். இதை அப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். மறைத்து வைத்தால் தப்பு செய்தவர் மாதிரி நாளை நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், இது ஒருவர் செய்த தப்பில்லை.

கேள்வி: 'குணமாகாது' என்று ஒருவர், '90 நாளில் நிச்சயம் குணம்' என்று ஒரு விளம்பரம். யாரை நம்புவது? கார்போகரிசி அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

இருவரையும் நம்ப வேண்டாம். குணம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது பலருக்கு முடிகிறது. இனி எப்போதும் திரும்பி வராது என்ற உறுதியை யாராலும் தர முடியாது. நாள் கணக்குச் சொல்லி உறுதி தருகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஸ்டீராய்டு களிம்பு, டாக்ரோலிமஸ் களிம்பு, 311 நானோமீட்டர் அளவுள்ள குறுகிய புற ஊதா ஒளி, இவைதான் அதிகம் பயன்படுபவை. ஒளி சிகிச்சையை வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் பலன் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. 2022-ல் அமெரிக்காவில் ரக்ஸோலிடினிப் என்ற களிம்புக்கு, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் நான் செக்மென்டல் விட்டிலிகோவுக்காக அனுமதி கிடைத்தது. ஆறு மாதம் போட்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு முகத்தில் முக்கால் பங்கு நிறம் திரும்பியது. நிறம் திரும்பும்போது ஒரேயடியாக வராது. முடி வேரில் ஒளிந்திருக்கும் நிறமி செல்கள் வெளியே வருவதால் திட்டுக்கு நடுவில் பழுப்புப் புள்ளிகளாக முளைக்கும். அதைப் பார்த்துப் புது நோய் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு, அது நல்ல செய்தி, நிறுத்தாதீர்கள். உதடு, விரல் நுனி போன்ற முடியில்லாத இடங்களில் இதனால்தான் தாமதமாகிறது.

கார்போகரிசியில் சோராலன் என்ற பொருள் உண்மையாகவே இருக்கிறது, நவீன மருத்துவமும் அதை ஒளி சிகிச்சையில் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் அளவு தெரியாமல் அரைத்துப் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளம் கட்டும். கோப்னரை மேலே சொன்னேனே, கொப்புளம் ஆறிய இடத்தில் புதுத் திட்டு வரும். நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கேள்வி: நான் ஆசிரியை. என் வகுப்பில் 8 வயதுப் பையனுக்குக் கைகளில் வெண்புள்ளி. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள், 'வெள்ளைக்கை' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். உடல்நலப் பதிவேட்டில் என்ன எழுதுவது, வகுப்பில் என்ன சொல்வது?

பதிவேட்டில் 'வெண்புள்ளி (விட்டிலிகோ), தொற்றாது' என்று எழுதுங்கள். 'தொற்றாது' என்பதை விடாமல் எழுதுங்கள், உங்களுக்குப் பிறகு அந்தப் பதிவேட்டைத் திறப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். 'வெண்புள்ளி நோயாளி' என்று வேண்டாம். அவனுக்கு வெண்புள்ளி இருக்கிறது, காய்ச்சலில் படுத்திருப்பவன் போல எல்லா நேரமும் நோயாளி இல்லை. அதற்காக 'வெறும் அழகுப் பிரச்சினை' என்று சொல்வதும் வேண்டாம், அது மருத்துவம் தேவைப்படும் நோய்தான், வெயிலில் அந்த இடம் சீக்கிரம் சுடும், விளையாட்டு நேரத்தில் முழுக்கைச் சட்டை போட அனுமதி கொடுங்கள்.

வகுப்பில் சொல்வதற்கு முன்னால் அவனையும் பெற்றோரையும் கேளுங்கள். சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னால் அவனைக் குறிப்பிடாமல் தோலுக்கு நிறம் எப்படி வருகிறது என்று ஒரு பாடமாக நடத்துங்கள். சொல்லலாம் என்றால் இரண்டு வரி போதும்: "இவன் தோலில் சில இடங்களில் நிறம் செய்யும் செல்கள் இல்லை. தொட்டால் யாருக்கும் வராது." சொல்லிவிட்டு அவன் கையை நீங்கள் பிடியுங்கள், பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். பட்டப்பெயரை மட்டும் பாடம் நடத்தும் நாள்வரை விட்டுவைக்காதீர்கள், நாளைக் காலை வருகைப் பதிவு எடுக்கும்போதே நிறுத்துங்கள்.